ஏரிக்கரையில் 15 நிமிடம்

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: மல்லசமுத்திரம் போன்ற ஊர்கள் எண்ணத் தொடங்கினால் என்ன மாறும்?

தை பிறந்த மூன்றாம் நாள், காலை ஆறே முக்கால் மணி. ஆண்டு முழுக்க ஓடும் விசைத்தறிகள் பொங்கல் விடுமுறைக்காக நின்றிருக்கின்றன. மற்ற நாள்களில் தறிச் சத்தத்தில் அமுங்கிப்போகிற குரல்களெல்லாம் இன்று நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்தின் ஏரிக்கரையில் தெளிவாகக் கேட்கின்றன. கரைக்குக் கீழே உழுது போட்ட காட்டில் ஆள் வருவதைக் கண்ட ஆள்காட்டிகள் இரண்டு கத்திக்கொண்டே எழும்புகின்றன. தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கின்றன. கோரை ஓரத்தில் நாமக்கோழிகள் மேய்கின்றன. மடையான் ஒன்று கழுத்தை உள்ளிழுத்து அசையாமல் நிற்கிறது. பனைமர வரிசைக்கு மேலே பனை உழவாரன்கள் பூச்சி பிடித்துச் சுழல்கின்றன.

இதை ஊரில் பார்க்காதவர் யாருமில்லை. மாடு ஓட்டிப் போகிறவர், கரையில் நடைபயிற்சி செய்கிறவர், தூண்டில் போட உட்கார்ந்திருக்கும் பையன்கள், எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். பார்த்ததை எழுதிவைக்கிறவர்தான் இல்லை. போன தைக்கு இங்கே எத்தனை நாமக்கோழி இருந்தது, பத்து வருடத்துக்கு முன்பு வாத்துக் கூட்டம் எவ்வளவு பெரிதாக இறங்கியது, பனங்காடை எந்த வருடத்திலிருந்து கண்ணில் படவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஏடு கிடையாது. அங்குமிங்கும் சில பெரியவர்களின் நினைவு மட்டும் இருக்கிறது.

அந்த ஏட்டை எழுதத் தொடங்கும் வேலைதான் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. பொங்கலை ஒட்டி நான்கு நாள்கள் தமிழ்நாடு முழுவதும் 2015 முதல் நடந்துவருகிறது. தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் கூடித் தொடங்கியது இது. நுழைவுக் கட்டணம் இல்லை, படிப்புத் தகுதி இல்லை, வயது வரம்பு இல்லை. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ பறவைகளைப் பார்க்க வேண்டும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு குறித்து, 'ஈ-பேர்ட்' என்ற தளத்திலோ செயலியிலோ ஏற்ற வேண்டும். வீட்டு மொட்டைமாடி, பள்ளிக்கூட மைதானம், கோயில் குளம், குப்பைமேடு, எங்கே நின்று எண்ணினாலும் கணக்கில் சேரும்.

இப்படிப் பறவைகளை எண்ணி எழுதிய கணக்குகள் இந்தியாவில் ஒரு மருந்துக்குத் தடை வர உதவியிருக்கின்றன. குளங்களைச் சரணாலயங்களாக்க உதவியிருக்கின்றன. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியின் சாதாரண ஊர்களிலிருந்து வரவேண்டிய பட்டியல்கள் இன்னும் போதவில்லை.

துப்பாக்கியிலிருந்து நோட்டுக்கு

1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ். அமெரிக்காவில் அந்நாளில் ஆட்கள் கட்சி பிரிந்து, யார் அதிகப் பறவைகளைச் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டி போடும் பழக்கம் இருந்தது. ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதை விட்டுவிட்டு எண்ணிப் பார்ப்போம் என்று அழைத்தார். அந்த முதல் ஆண்டில் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அந்தக் கணக்கெடுப்பு நின்றுபோகவில்லை.

இந்தியாவில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வலசைப் பறவைகள் எந்த நாளில் வந்து சேர்கின்றன என்பதைப் பொதுமக்களே பதிவுசெய்யும் திட்டம் 2007-இல் தொடங்கியது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-இல் தொடங்கிய ஈ-பேர்ட் தளம் பிறகு உலகம் முழுவதற்கும் திறக்கப்பட்டது. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியாவும் சேர்ந்தது. தமிழ்நாட்டு வனத்துறையும் சில ஆண்டுகளாக ஒரே நாளில் மாநிலம் முழுவதும் நீர்ப்பறவைகளையும் நிலப்பறவைகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதிலும் தன்னார்வலர்களின் பங்கு பெரிது.

இந்த வரிசையில் பொங்கல் கணக்கெடுப்புக்குத் தனி இடம் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பும் நாள்கள் அவை. பள்ளிகளுக்கு விடுமுறை. வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் ஏரிகளில் தங்கியிருக்கும் காலமும் அதுவே. மழைக்காலம் நல்லபடி முடிந்திருந்தால் ஏரியிலும் தண்ணீர் நிற்கும்.

காக்கையையும் எழுதுங்கள்

முதல் முறை எண்ணுகிறவர்கள் அரிய பறவையைத் தேடி அலைவார்கள். காக்கை, மைனா, புறா என்றால் எழுத வேண்டுமா என்று தயங்குவார்கள். கண்டிப்பாக எழுத வேண்டும். ஆய்வாளர்களுக்கு அதிகம் பயன்படுவது முழுமையான பட்டியல், அதாவது அந்த 15 நிமிடத்தில் கண்டுகொண்ட எதையும் விடாமல் எழுதியது.

காரணம் எளிது. ஒருவர் காக்கையைக் கண்டும் எழுதாமல் விட்டால், அங்கே காக்கை இல்லையா, இருந்தும் எழுதவில்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதியிருந்தால், பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு செய்தியைச் சொல்கிறது. ஒரு வட்டாரத்தில் நூறு முழுப்பட்டியல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் அறுபதில் பனங்காடை இருந்தது. பத்து ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில் நூறில் முப்பதில்தான் இருக்கிறது என்றால், பறவை குறைகிறது என்று நம்பத் தொடங்கலாம். தனி மனிதர் ஒருவர் எண்ணியதில் பிழை இருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே முறையில் எண்ணும்போது போக்கு எந்தப் பக்கம் என்பது தெளிந்துவிடும்.

அதனால்தான் தளம் நேரம், தூரம், எண்ணியவர் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கிறது. கால் மணி நேரம் நின்றவரையும் மூன்று மணி நேரம் நடந்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அந்த மாவட்டத்தில் அந்த மாதத்தில் வழக்கமாக இல்லாத பறவையை யாராவது எழுதினால், அல்லது நம்ப முடியாத எண்ணிக்கையைப் போட்டால், பதிவு தனியே நிறுத்திவைக்கப்படும். அந்தப் பகுதியை அறிந்த தன்னார்வப் பரிசீலகர் எழுதியவரிடம் விளக்கமோ படமோ கேட்பார். குற்றம் கண்டுபிடிக்கும் வேலை இல்லை அது. பதிவு பல காலம் நிற்க வேண்டும் என்பதற்கான காவல். புதியவர்கள் பறவை பார்க்கக் கற்பதில் பாதி இந்தக் கேள்விகளிலிருந்துதான் நடக்கிறது.

பெட்டிச் செய்தி: எண்ணும் முறை

• ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். முடிந்தால் அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வாருங்கள்.
• தொடங்கும் நேரத்தைக் குறியுங்கள். குறைந்தது 15 நிமிடம் எண்ணுங்கள். நடந்தால் நடந்த தூரத்தையும் எழுதுங்கள்.
• பார்த்தது, குரல் கேட்டது இரண்டும் கணக்கில் சேரும்.
• உறுதியாகத் தெரிந்த பறவையை மட்டும் எழுதுங்கள். தெரியாததை விட்டுவிடுவதால் பட்டியல் கெடாது. ஊகத்தில் எழுதினால் கெடும்.
• பெருங்கூட்டமாக இருந்தால் பத்து பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதைக்கொண்டு மொத்தத்தை மதிப்பிடுங்கள்.
• இருநோக்கி இருந்தால் ஏரிக்கு உதவும். தோட்டத்தில் எண்ணக் கண்ணும் காதும் போதும்.
• கைப்பேசியில் சமிக்ஞை இல்லாவிட்டால் நோட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து ஏற்றலாம்.

முப்பதாயிரம் பேர் எழுதிய அறிக்கை

இப்படிச் சேர்ந்த பட்டியல்களை வைத்து 2020-இலும் 2023-இலும் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கைகள் வந்தன. இரண்டாவது அறிக்கைக்கு 13 நிறுவனங்கள் சேர்ந்து உழைத்தன. சுமார் 30,000 பறவை நோக்கர்கள் அளித்த 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் அதற்கு அடிப்படை. சம்பளத்துக்கு ஆட்களை வைத்து இந்த அளவு தகவலைத் திரட்டுவது எந்த அரசுத் துறைக்கும் எட்டாத காரியம்.

அறிக்கை சொல்லும் செய்தி நம் ஏரிக்கரைக்கு நேராக வருகிறது. எண்ணிக்கை வெகுவாகச் சரிந்ததால் அழியும் அபாயத்தை வகைப்படுத்தும் உலகச் சிவப்புப் பட்டியலில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 14 பறவைகளை அது பரிந்துரைத்தது. அவற்றில் பனங்காடை, கிளுவை வாத்து, தட்டைவாயன் வாத்து, உள்ளான் ஆகியவை இருக்கின்றன. பனங்காடை நம் மேட்டுக்காட்டு மின்கம்பியில் உட்காரும் பறவை. மற்ற மூன்றும் குளிர்காலத்தில் தமிழகத்து ஏரிகளுக்கு வரும் விருந்தாளிகள். எங்கோ மலையுச்சியில், மக்கள் கண்ணுக்கு எட்டாத காட்டில் வாழ்கிற பறவைகள் இல்லை இவை. நம் கண் முன்னே குறைந்துகொண்டிருப்பவை.

நாம் நம்பிவந்த சிலவற்றையும் அறிக்கை திருத்தியது. கைப்பேசிக் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்தே போயிற்று என்று ஊர் முழுக்கப் பேச்சு. பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருப்பது உண்மை. ஆனால் நாட்டளவில் அதன் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்று 2020 அறிக்கை காட்டியது. மக்கள் சிட்டுக்குருவிக்குப் பெட்டி செய்து மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், பேச்சில்லாமல் குறைந்துவந்தது பனங்காடை. எந்தப் பறவைக்கு இப்போது கை கொடுக்க வேண்டும் என்று சொல்ல எண்ணிக்கை வேண்டும்.

மயில் இதற்கு நேர்மாறு. கடந்த இருபது ஆண்டுகளில் நாடு முழுவதும் அதன் எண்ணிக்கை பெருகியிருக்கிறது. நிலக்கடலைக் காட்டில் மயில் இறங்கிக் கிளறும்போது விவசாயி படும் வேதனை வெறும் புலம்பல் இல்லை என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. தேசியப் பறவை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. அதற்குத் தீங்கு செய்வது குற்றம். ஆனால் எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், எவ்வளவு மயில் இறங்குகிறது என்ற தொடர்ந்த கணக்கு கையில் இருந்தால், இழப்பீடோ பாதுகாப்பு ஏற்பாடோ கேட்கும் விவசாயியின் குரலுக்கு வலு கூடும்.

பெட்டிச் செய்தி: 2023 அறிக்கை, எண்களில்

• மதிப்பிடப்பட்ட பறவை இனங்கள்: 942
• நீண்டகாலப் போக்கு தெரிந்தவை: 338. இவற்றில் குறைந்தவை 204, நிலையாக இருப்பவை 98, கூடியவை 36.
• அண்மை ஆண்டுகளின் போக்கு தெரிந்தவை: 359. இவற்றில் குறைபவை 142, நிலையாக இருப்பவை 189, கூடுபவை 28.
• உடனடிக் கவனம் வேண்டும் என்று வகைப்படுத்தப்பட்டவை: 178
• மீதமுள்ள பல இனங்களுக்குப் போக்கைச் சொல்லப் போதிய பதிவுகள் இல்லை.

எண்ணியதால் என்ன நடந்தது?

கழுகு என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாறு, பிணந்தின்னிப் பறவை. 1990-களில் வட இந்தியாவில் அவை செத்து விழத் தொடங்கின. ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் பழைய ஆண்டுகளிலும் எண்ணி வைத்திருந்தார். புதிய எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட்டபோதுதான் அழிவின் அளவு புரிந்தது. பிறகு நாடு தழுவிய கணக்கெடுப்பும் அதை உறுதிப்படுத்தியது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடும் 'டைக்ளோஃபினாக்' மருந்துதான் காரணம் என்று 2004-இல் ஆய்வு வெளிவந்தது. 2006-இல் இந்திய அரசு அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. சில பாறு இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அதற்குள் போய்விட்டன. பழைய கணக்கு மட்டும் இல்லாவிட்டால் மீதமும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வட அமெரிக்காவில் 1970 முதல் ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த முடிவின் முதுகெலும்பு, தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாகச் சலிக்காமல் எண்ணிய பட்டியல்கள்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2015 முதல் 2020 வரை மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, மழைக்கு ஒருமுறை, வறண்ட காலத்துக்கு ஒருமுறை என்று எண்ணினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இதில் சேர்ந்தார்கள். எந்தப் பறவை எந்த இடத்தில் வாழ்கிறது என்ற வரைபடம் இன்று அங்கே இருக்கிறது. சாலை போடவோ ஆலை கட்டவோ திட்டமிடும்போது எடுத்துப் பார்க்க ஓர் ஆவணம் அது.

நமக்கு இன்னும் அருகில் திருப்பூர் நஞ்சராயன் குளம். நகரக் கழிவும் சாயக்கழிவும் சேர்ந்து பாழ்பட்ட குளம் என்று ஒதுக்கப்பட்ட இடம். திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்த ஆர்வலர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் பறவைகளைப் பதிவுசெய்தார்கள். எத்தனை இனங்கள், எத்தனை வலசைப் பறவைகள் என்று பட்டியலோடு பேசினார்கள். 2022-இல் அது தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளத்துக்காகப் பேசப் பட்டியல் இருந்தது. எழுதப்படாத குளத்துக்காக யார் பேசுவார்கள்?

வரைபடத்தில் வெற்றிடம்

பறவை பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏற்காடு, கொல்லிமலை ஏறிவிடுவார்கள். நாமக்கல் பக்கத்துப் பெரிய ஏரிகளுக்கும் போவார்கள். சேலம் நகரில் பறவை ஆர்வலர்கள் இருக்கிறார்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-இல் சேலம் மக்கள் குழு தூர்வாரிச் சீரமைத்து, நடுவே மண் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்த பிறகு, அங்கே கூடு கட்டும் பறவைகளைப் பார்க்க மக்கள் வருகிறார்கள். ஆனால் சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் பருத்தி, நிலக்கடலை, மரவள்ளி, சோளம் என்று விளையும் சமவெளிக்குப் பறவை பார்க்கப் புறப்பட்டு வருகிறவர் அபூர்வம்.

மக்கள் அறிவியலின் பெரிய குறை இதுதான். எண்ணுகிறவர் போகும் இடத்திலிருந்துதான் தகவல் வரும். மலைக்கும் சரணாலயத்துக்கும் பட்டியல் குவிகிறது. மக்கள் உழுது, நெய்து, மாடு மேய்த்து வாழும் இடங்களுக்குப் பட்டியல் இல்லை. ஆனால் நாட்டளவில் வேகமாகச் சரிகிற பல பறவைகள் திறந்தவெளி நிலங்களை, புல்வெளிகளை, சாகுபடி நிலங்களை நம்பி வாழ்பவை. அதாவது, பறவைகள் குறையும் இடமும் எண்ணிக்கை இல்லாத இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

மல்லசமுத்திரம் பக்கத்தில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இருபுறமும் கிளுவையும் கள்ளியும் கோவைக்கொடியும் பின்னிக்கிடந்த இட்டேரிகள் பல இடங்களில் தார்ச்சாலையாகவோ கம்பிவேலியாகவோ ஆகிவிட்டன. தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கும் கௌதாரிக்கும் அந்த வேலிகள்தாம் வீடு. செங்கல் சூளைக்குப் பனை வெட்டினால் பனை உழவாரனுக்குக் கூடு கட்ட இடம் போகும். பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டையிடும் பனங்காடைக்கும் பச்சைக்கிளிக்கும் அதே கதி. பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்ததற்கு இங்கேயும் பொருள் உண்டு.

திருமணிமுத்தாறும் இந்தக் கதையில் வருகிறது. ஏற்காட்டுப் பக்கத்து மலைகளில் பிறந்து சேலம் நகரைக் கடந்து, கழிவையும் சாயத்தையும் சுமந்து, நாமக்கல் மாவட்டத்துச் சமவெளிக்குள் நுழைந்து காவிரியை நோக்கிப் போகிறது. அந்தத் தண்ணீரை நம்பிய ஏரிகளுக்கு அதன் அழுக்கும் சேர்ந்தே வந்து சேரும். தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதைப் பறவைகள் காட்டிக்கொடுக்கும். நெடுங்கால் உள்ளான் அழுக்கு நீரையும் தாங்கும். மீனை நம்பிய முக்குளிப்பானும் மீன்கொத்தியும் மீன் இருந்தால்தான் தங்கும். எந்தப் பறவை கூடுகிறது, எது விலகுகிறது என்று ஆண்டுதோறும் எழுதிவந்தால், ஏரியின் உடல்நிலைக்கு ஒரு குறிப்பேடு கிடைக்கும். ஆய்வகச் சோதனைக்கு அது மாற்றாகாது. எந்த ஏரியை முதலில் சோதிக்க வேண்டும் என்று காட்டும்.

காட்டுக்கும் பண்ணைக்கும் உதவுமா?

பருத்தி விளையும் ஊர் மல்லசமுத்திரம். கூட்டுறவுச் சங்கத்தின் பருத்தி ஏலத்துக்கு மூட்டை கொண்டுவரும் விவசாயிக்குக் காய்ப்புழுவால் வரும் நட்டம் தெரியும். வயலில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டுவைத்தால் கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து புழுக்களைப் பிடிக்கும் என்று வேளாண் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இரவில் அதே குச்சியில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். குச்சி நட்ட வயலில் எத்தனை கரிச்சான் வருகிறது, நடாத வயலில் எத்தனை என்று பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் ஒரு பருவம் முழுக்க எண்ணிப் பார்த்தால், மருந்துக்கடைக்காரர் சொல்லும் ஆலோசனைக்கு ஈடாக வைக்க இன்னொரு ஆதாரம் கைக்கு வரும்.

கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியா பக்கத்திலிருந்து மழைக்காலத்தின் பிற்பகுதியில் வரத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் திரும்பும் சோளக்குருவிகள் கூட்டமாக இறங்கிச் சோளக்கதிரைத் தின்னும். வெட்டுக்கிளிகளையும் அள்ளி விழுங்கும். அவை நட்டமா லாபமா என்று வாய்ச்சொல்லாகச் சண்டை போடாமல், எந்த வாரம் வந்தன, எவ்வளவு வந்தன, எந்தக் காட்டில் இறங்கின என்று குறித்தால் காவலுக்கு ஆள் போடும் நாளையாவது சரியாக முடிவு செய்யலாம்.

நாமக்கல் என்றால் முட்டை. நாட்டில் எங்காவது பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் இந்த மண்டலம் முழுக்கக் கலங்கும். காட்டு நீர்ப்பறவைகளும் அந்தக் கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால் வலசைப் பறவை என்றாலே அச்சப்படுகிறவர்கள் உண்டு. அச்சத்துக்கு மருந்து தகவல்தான். எந்த ஏரியில் எந்த மாதத்தில் வாத்துக் கூட்டம் தங்குகிறது என்று தெரிந்தால், கால்நடை பராமரிப்புத் துறை கண்காணிப்பை அங்கே குவிக்கலாம். அந்த ஏரித் தண்ணீரைப் பண்ணைக்கு எடுக்காமல் இருக்கலாம். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக்கிடந்தால் முதலில் கண்ணில் படப்போவது வாராவாரம் எண்ண வருகிறவருக்குத்தான். அவர் தொடாமல், நாயும் கோழியும் அண்டாமல் பார்த்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொன்னால் பண்ணைகளுக்கும் அது பாதுகாப்பு.

பெட்டிச் செய்தி: முதல் பட்டியலுக்குப் பத்துப் பறவைகள்

மல்லசமுத்திரம் பக்கத்தில் புதியவர் எளிதாகக் கற்கத் தக்கவை:
• கரிச்சான்: கருப்பு உடல், பிளந்த நீண்ட வால். கம்பியில் அமரும்.
• பனங்காடை: பறக்கும்போது சிறகில் பளீரென்ற நீலம்.
• செம்மூக்கு ஆள்காட்டி: கண்ணருகே சிவப்புத் தசை, பயந்தால் ஓயாமல் கத்தும்.
• செண்பகம்: செம்பழுப்புச் சிறகு, கருப்பு உடல், சிவந்த கண்.
• தவிட்டுக்குருவி: ஆறேழு சேர்ந்தே திரியும்.
• வெண்தொண்டை மீன்கொத்தி: நீல முதுகு, வெள்ளைத் தொண்டை. தண்ணீர் இல்லாத இடத்திலும் இருக்கும்.
• மடையான்: நிற்கையில் மண்ணிறம், பறந்தால் வெள்ளைச் சிறகு.
• நாமக்கோழி: கருப்பு உடல், வெள்ளை நெற்றி, நீரில் நீந்தும்.
• புள்ளிமூக்கு வாத்து: கருத்த அலகின் நுனியில் மஞ்சள்.
• பனை உழவாரன்: எப்போதும் பறந்துகொண்டே இருக்கும் சிறு பறவை.

எண்ணுகிறவரின் ஒழுக்கம்

ஆர்வம் கூடும்போது கேடும் வரலாம். கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் படமெடுக்க அருகே போனால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும். வெயிலில் குஞ்சு வாடும், காக்கை தூக்கிப்போகும். பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிபரப்புவதும் அதை அலைக்கழிப்பதுதான். ஆந்தைக் கூட்டின் இடத்தைப் பொதுவில் அறிவித்தால், மூடநம்பிக்கைக்காக ஆந்தையைப் பிடிக்கிறவர்களுக்கு நாமே வழி காட்டியதாகும். கிளி, காடை, கௌதாரி பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே கூடு இருக்கும் மரத்தைக் குறிப்பிடாமல் ஏரியின் பெயரை மட்டும் எழுதுவதே நல்லது.

எண்ணப் போகும் பிள்ளைகளின் பாதுகாப்பும் முக்கியம். தூர்வாரிய ஏரியில் ஆழம் தெரியாது. கரையோரச் சேற்றில் இறங்கக் கூடாது. அடுத்தவர் தோட்டத்துக்குள் கேட்டுவிட்டே நுழைய வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது. அந்தப் பெரியவர் ஊரில் மாடு மேய்த்தவராகவோ மீன் பிடித்தவராகவோ இருந்தால் இன்னும் நல்லது. பழைய காலத்து ஏரியைப் பற்றி அவர் சொல்லும் எதையும் செயலி சொல்லித் தராது.

பெட்டிச் செய்தி: ஆண்டு முழுக்க எண்ணலாம்

• ஜனவரி: பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு
• பிப்ரவரி: உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு. இதே நாள்களில் பள்ளி, கல்லூரி வளாகங்களுக்கான தனிக் கணக்கெடுப்பும் நடக்கும்.
• மே, அக்டோபர்: உலகம் முழுவதும் ஒரே நாளில் எண்ணும் நாள்கள்
• நவம்பர்: பறவையியலாளர் சாலிம் அலி பிறந்த நவம்பர் 12-ஐ ஒட்டி மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்தும் கணக்கெடுப்பு

பட்டியலை எங்கே கொண்டுபோவது?

எண்ணியது செயலியிலேயே கிடந்தால் அறிவியலுக்கு உதவும். ஊருக்கு உதவ வேண்டுமென்றால் அது உள்ளாட்சி அலுவலகத்துக்கும் போக வேண்டும். இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அந்தக் குழு அந்த ஊரின் செடி, கொடி, விலங்கு, பறவை எல்லாவற்றையும் பதிந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்கும் ஏடாக இல்லாமல், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஏடாக அதை ஆக்க மல்லசமுத்திரம் பேரூராட்சிக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் பொங்கல் கணக்கெடுப்பு வழிகாட்டும். பறவைப் பக்கத்தை எழுதித் தர ஊரின் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதிவேட்டில் ஏறிய பட்டியலுக்கு நடைமுறைப் பயன் உண்டு. ஏரியைத் தூர்வாரும்போது எல்லா மரத்தையும் அகற்றாமல், பறவை தங்கும் சில மரங்களையும் திட்டுகளையும் விட்டுவைக்கக் கேட்கலாம். சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலையைக் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும் மாதங்களில் தள்ளிவைத்து, நாட்டு மரங்கள் வளர்ந்த பிறகு முடிக்கச் சொல்லலாம். மாநில ஈரநில இயக்கத்தின் கவனத்துக்கு ஊர் ஏரியைக் கொண்டுசெல்லலாம். குப்பை கொட்டும் இடத்தை ஏரிக்கரையிலிருந்து மாற்றக் கோரும் மனுவோடு ஐந்தாண்டுக் கணக்கை இணைக்கலாம். எண்ணில்லாத மனு குறையாகப் படிக்கப்படும். எண்ணோடு போகும் மனுவுக்குப் பதில் எழுத வேண்டிவரும்.

ஈரோடு மாவட்டத்து வெள்ளோட்டில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். சிவகங்கை வேட்டங்குடிப் பகுதியிலும் அப்படியே. கொங்கு நாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் பறவையிடம் பரிவு புதிதில்லை. அந்தப் பரிவோடு ஒரு நோட்டும் சேர வேண்டும். பரிவு ஒரு தலைமுறையில் மங்கலாம்; எழுத்தில் இருப்பதை அடுத்த தலைமுறை எடுத்துப் படிக்கும்.

தொடங்க வேண்டியவை இவ்வளவுதான். ஏரிக்கு ஓர் இடம், பள்ளிக்கு ஓர் இடம், மேட்டுக்காட்டுக்கு ஓர் இடம் என்று மூன்றைக் குறித்துக்கொள்வது. ஆண்டுக்கு ஆண்டு அதே மூன்று இடத்தில் எண்ணுவது. கண்ட எதையும் விடாமல் எழுதுவது. எழுதியதைப் பேரூராட்சிக்கு ஒரு படி கொடுப்பது. முதல் ஆண்டில் இருபது பறவை எழுதினாலும் போதும். பனங்காடை ஒன்றுகூட இல்லை என்றாலும் எழுத வேண்டும். வெளியூர் ஆய்வாளர் யாரும் வந்து மல்லசமுத்திரத்தை எண்ணித் தரப்போவதில்லை. இந்த ஊரின் பறவைக் கணக்கை இந்த ஊர்தான் எழுதியாக வேண்டும். அடுத்த பொங்கலுக்கே அதன் முதல் பக்கத்தை எழுதலாம்.